பழைய எண்ணைத் திருப்பிக் கொண்டுவா

ஒரு திங்கட்கிழமை காலையில் கணக்குப் பிரிவிலிருந்து போன். “என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? போன மாசத்தை விட எல்லாருக்கும் சம்பளம் ஏறி நிக்குது.” அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். சம்பளம் குறைந்திருந்தால் இவ்வளவு பயந்திருப்பாரா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

பெயர் வேண்டாம். ஒரு நிறுவனம், அதற்கு ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு, அங்கே மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஆட்கள். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அட்டையைத் தேய்ப்பார்கள். இடைப்பட்ட நேரம் நிமிடங்களாகத் தரவுத்தளத்தில் பதிவாகும். மாதக் கடைசியில் ஒரு வினவல் ஓடும். ஒவ்வொரு நாளின் நிமிடங்களையும் அறுபதால் வகுத்து, மணிகளாக்கி, கூட்டி, கூலியால் பெருக்கும். பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதற்கு முந்தைய வாரம்தான் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற நூலகத்தை 1.4-லிருந்து 2.0-க்கு மாற்றியிருந்தோம். (நூலகம் என்றால் புத்தகம் வைக்கும் இடம் அல்ல; பிறர் எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. பைத்தானில் நாம் எழுதுவதை தரவுத்தளத்துக்குப் புரியும் எஸ்.க்யூ.எல். ஆக மாற்றித் தருவது இதன் வேலை.) டெஸ்ட் எல்லாம் பச்சை விளக்கு. ஒரு பிழைச்செய்தி கிடையாது. எண்கள் மட்டும் மாறிவிட்டன.

எங்கள் குழுவுக்கு வந்த டிக்கெட்டின் தலைப்பு: ‘அப்கிரேடுக்குப் பின் சம்பளக் கணக்கு தவறு’. தவறு என்று யார் முடிவு செய்தது? போன மாத எண்ணோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான். என் தொழிலில் இருபது வருடமாக நான் பார்த்துவரும் நோய் இது. பழுதுபார்ப்பது என்றால் பழைய எண்ணைத் திருப்பிக் கொண்டுவருவது என்று நினைக்கிறோம். நேற்று வந்த விடைதான் சரி, இன்று வந்தது வேறென்றால் இன்றைய விடைதான் குற்றவாளி. இதற்கு ‘ரிக்ரஷன்’ என்று கௌரவமான ஒரு பெயரும் வைத்திருக்கிறோம்.

ஒன்றரை நாள் வேறெங்கோ தேடினோம். அட்டவணைகளை இணைக்கும் இடத்தில் வரிசைகள் இரட்டித்திருக்கும் என்றான் ஒருவன். நேர மண்டலம் குழம்பியிருக்கும் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் செய்ததை முதலிலேயே செய்திருக்கலாம். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் தரவுத்தளத்துக்கு உண்மையில் என்ன வாக்கியத்தை அனுப்புகின்றன என்று அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே ஓர் இடத்தில் வித்தியாசம். பழையது ‘நிமிடம் / 60’ என்று அனுப்பியது. புதியது அந்த 60-ஐ முதலில் தசம எண்ணாக்கு, பிறகு வகு என்று சொல்லி அனுப்பியது.

இதில் விஷயம் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பார்கள். மற்றவர்களுக்காக: நாங்கள் வைத்திருந்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அதனிடம் 7 / 2 எவ்வளவு என்று கேட்டால் 3 என்று சொல்லும். இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்ணே. மீதியைத் தூர எறிந்துவிடும். எஸ்க்யூஎல் சர்வரும் எஸ்க்யூலைட்டும் இதே கட்சி. மைசீக்வலிடமோ ஆரக்கிளிடமோ கேளுங்கள், 3.5 என்பார்கள். ஒரே கோடு, ஒரே கேள்வி, இரண்டு பதில். எஸ்க்யூஎல்ஆல்கெமி 1.4 வரை இந்த விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நீ எழுதிய கோட்டை அப்படியே அனுப்புகிறேன், எந்தத் தரவுத்தளமோ அதன் பாடு. 2023 ஜனவரியில் வந்த 2.0-வில் ஒரு முடிவு எடுத்தார்கள். / என்றால் எல்லாத் தரவுத்தளத்திலும் உண்மையான வகுத்தல், // என்றால் கீழ்நோக்கி முழுமையாக்கும் வகுத்தல். பைத்தான் 3 செய்வதும் அதுதானே.

இனி கணக்கைப் பாருங்கள். ஓர் ஆள் நாளுக்கு 470 நிமிடம் வேலை செய்கிறார். ஏழு மணி ஐம்பது நிமிடம். பழைய வினவலில் 470 / 60 என்பது 7. ஐம்பது நிமிடம் காற்றோடு போயிற்று. மாதம் 26 நாள் என்றால் 182 மணி நேரத்துக்குக் கூலி. உண்மையில் அவர் உழைத்தது 12,220 நிமிடம், அதாவது 203 மணி 40 நிமிடம். மாதத்துக்கு இருபத்தொன்றரை மணிக்கு மேல். ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு. யாரும் திருடவில்லை. யாரும் அப்படி ஒரு விதி எழுதவில்லை. ஒரு சாய்கோடு தின்றுவிட்டது.

அதிலும் ஒரு வேடிக்கை. கூட்டிவிட்டு வகுத்திருந்தால், அதாவது 12,220 / 60 என்று போட்டிருந்தால், அதே முழு எண் வகுத்தலிலும் 203 வந்திருக்கும். இழப்பு நாற்பது நிமிடத்தோடு நின்றிருக்கும். வகுத்துவிட்டுக் கூட்டியதால் தினம் தினம் மீதி உதிர்ந்தது. அடைப்புக்குறி எங்கே விழுகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு இருக்கிறது. அதை எழுதிய பையனுக்கு (இப்போது வேறு வேலையில் இருக்கிறான், நல்ல பையன்) அது தெரிய வாய்ப்பில்லை. அவன் மடிக்கணினியில் பைத்தானில் 470 / 60 என்று போட்டுப் பார்த்திருப்பான். 7.83 என்று வந்திருக்கும். சரி என்று விட்டிருப்பான்.

ஆக, புதிய பதிப்பு தவறு செய்யவில்லை. பழைய தவறை நிறுத்திவிட்டது. அதைத்தான் நாங்கள் ‘பக்’ என்று பதிவு செய்திருந்தோம்.

கூட்டம் போட்டோம். மேலாளர் கேட்ட முதல் கேள்வி: “இதை எவ்வளவு சீக்கிரம் பழையபடி ஆக்கலாம்?” ஒரு நிமிடம் போதும். / இருக்கும் இடத்தில் இன்னொரு கோட்டைச் சேர்த்து // ஆக்கினால் முடிந்தது. டெஸ்ட் பச்சை, கணக்குப் பிரிவு மகிழ்ச்சி, டிக்கெட் மூடல். நான் மறுத்தேன். அறையில் இருந்த மூன்று பேர் எனக்குச் சொன்ன மூன்று பதில்களையும் அதன்பிறகு பலரிடம் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுவிட்டேன். அதனால் பொதுவில் பதில் சொல்கிறேன்.

முதல் பதில்: “அது நிறுவனத்தின் கொள்கையா இருக்கலாம் சார். முழு மணிக்குத்தான் கூலின்னு முடிவு பண்ணியிருப்பாங்க.” இருக்கட்டும். அப்படியானால் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது அந்த ஆளிடம் “ஏழு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் உழைத்தாலும் ஏழுக்குத்தான் காசு” என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நிரலிலும் அப்படியே, கீழ்நோக்கி முழுமையாக்கு என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். தரவுத்தளத்தின் தற்செயலான பழக்கத்தைப் பிற்பாடு கொள்கை என்று அழைப்பது, பையில் ஓட்டை விழுந்து சில்லறை கொட்டியதைத் தர்மம் செய்ததாகச் சொல்லிக்கொள்வது மாதிரி. இங்கே கொட்டியது அடுத்தவர் சில்லறை.

இரண்டாவது: “இந்த நூலகமே வேண்டாம், நேரா எஸ்.க்யூ.எல். எழுதியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.” ரொம்பச் சரி. பிரச்சினை வந்திருக்காது, ஐம்பது நிமிடம் தினமும் போய்க்கொண்டே இருந்திருக்கும், நமக்கும் தெரிந்திருக்காது. சொந்தக் கையால் எழுதுவதில் ஒரு வீரம் இருப்பதாக எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். மைசீக்வலில் ஆண்டுக்கணக்கில் ஓடிய கணக்கைச் செலவு குறைக்க போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிய ஆளிடம் கேளுங்கள், அந்த வீரம் என்ன ஆயிற்று என்று. ஒரு எழுத்துகூட மாறாமல் விடை மாறியிருக்கும்.

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் கனமானது. “நூலகம் எழுதினவங்க மேலதான் தப்பு. புழக்கத்துல இருக்கிற குறிக்கு அர்த்தத்தை எப்படி மாத்தலாம்?” இதில் எனக்குப் பாதி உடன்பாடு. அவர்கள் ஒளித்துச் செய்யவில்லை, 2.0-வில் என்ன புதிது என்ற ஆவணத்தில் தனித் தலைப்பு போட்டு எழுதியிருக்கிறார்கள். எடுத்த முடிவும் சரியானது. ஆனாலும், கூச்சல் போட்டு உடைவதற்கும் ஓசையில்லாமல் அர்த்தம் மாறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஜாங்கோவில் முழு எண் புலத்தையும் நேரப் புலத்தையும் கலந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கலப்பு வகைகள் இருக்கின்றன, விடை எந்த வகை என்று நீயே சொல் என்று அடம்பிடித்து நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பைத்தானே இதே குறியை மாற்றியபோது என்ன செய்தது? 2001-ல் முன்மொழிந்தார்கள். பைத்தான் 2.2-ல் // என்ற புதுக் குறியை முதலில் கொடுத்தார்கள். விரும்பியவர்கள் ஒரு வரி சேர்த்தால் புதிய அர்த்தம் கிடைக்கும் என்றார்கள். பழைய வகுத்தல் எங்கே நடக்கிறது என்று எச்சரிக்கச் சொல்லும் வசதியும் வைத்தார்கள். 2008 டிசம்பரில் 3.0 வந்தபோதுதான் உண்மையாகவே மாற்றினார்கள். ஏழு வருட அவகாசம். அப்போதும் திட்டியவர்கள் உண்டு, அது வேறு கதை.

ஆனால் நூலகத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அறிவிப்பு இருந்தது, நாங்கள் படிக்கவில்லை. எங்கள் டெஸ்டுகளில் இருந்த மாதிரி ஆள் நாளுக்குச் சரியாக 480 நிமிடம் உழைத்தார். 480-ஐ 60-ஆல் எப்படி வகுத்தாலும் 8. மீதியே வராத எண்ணை வைத்து வகுத்தலைச் சோதித்தவர்கள் நாங்கள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கூட ஈவு, மீதி இரண்டையும் கேட்பார்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்கிரேடு செய்த அன்று ஓர் இடத்தில் மட்டும் நிரல் உடையத்தான் செய்தது. முழு எண்ணாக வந்துகொண்டிருந்த விடை இப்போது டெசிமல் வகையில் வந்ததால் ஜேசனாக மாற்ற முடியாது என்று அறிக்கைப் பக்கம் நின்றுபோனது. எங்கள் ஆள் என்ன செய்தார்? ஏன் வகை மாறியது என்று கேட்கவில்லை. விடையைச் சுற்றி ‘இன்ட்’ என்று ஒரு உறை போட்டு முழு எண்ணாக வெட்டிவிட்டுப் போய்விட்டார். தரவுத்தளம் எறிவதை நிறுத்தியதும் நாங்கள் கையால் எறிய ஆரம்பித்தோம். அந்த மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான்தான்.

கிடைத்த ஒரே எச்சரிக்கை மணி அது. அதன் நாக்கையும் கட்டிவிட்டோம்.

சரி, // போட்டுவிடலாம் என்றவர்களுக்கு இன்னொரு தகவல். பழைய எண்ணைக்கூட அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தராது. கிடங்கில் திருத்தப் பதிவுகள் உண்டு. 20 நிமிடம் அதிகமாகப் போட்டுவிட்டால் -20 என்று ஒரு வரி சேர்ப்பார்கள். போஸ்ட்கிரெஸில் -20-ஐ 60-ஆல் முழு எண்ணாக வகுத்தால் பூஜ்யம். அது சுழியை நோக்கி வெட்டும். மைசீக்வலில் அதே // கீழ்நோக்கி முழுமையாக்கும் செயல்பாடாக மாறிப் போகும், விடை -1. இருபது நிமிடப் பிழைக்கு ஒரு முழு மணிக் கூலி வெட்டு. ஒரே நூலகம், ஒரே குறி. எங்கும் ஓடும் நிரல் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த ‘எங்கும்’ என்ற சொல்லின் அழகு இது.

வான்கூவர் பங்குச் சந்தையின் கதை எங்கள் தொழிலில் பலருக்குத் தெரியும், ஆனால் அதிலிருந்து தவறான பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 1982 ஜனவரியில் அவர்கள் ஒரு குறியீட்டு எண்ணை 1000-ல் தொடங்கினார்கள். ஒவ்வொரு வணிகத்துக்குப் பின்னும் கணக்கிட்டு, மூன்று தசம இடத்துக்குப் பிறகு இருப்பதை வெட்டிவிட்டார்கள், முழுமையாக்கவில்லை, வெட்டினார்கள். 1983 நவம்பரில் அது 524 சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. சரியாகக் கணக்கிட்டபோது 1098 சொச்சம். தசமத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் இந்தக் கதையில் பார்க்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. ஒரு வார இறுதியில் எண் இரு மடங்காக ஏறுவதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை எண்ணோடு பொருந்தவில்லையே, திருப்பிக் கொண்டுவா என்று சொல்லவில்லை. பங்குக்காரர்கள் என்பதால் மரியாதை. கூலிக்காரர்கள் என்றால் டிக்கெட்.

தமிழில் கணக்கு எழுதியவர்கள் முந்திரிக்குப் பெயர் வைத்திருந்தார்கள்: ஒன்றில் 320-ல் ஒரு பங்கு. அதையும் 320 ஆக்கிக் கீழ்முந்திரி என்றார்கள். பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்தக் கணக்கை வைத்து ஏமாற்றியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பெயர் உள்ள ஒன்றை எறிய வேண்டுமென்றால் எறிகிறோம் என்று தெரிந்துதான் எறிய வேண்டும். எங்கள் வினவலில் அந்த ஐம்பது நிமிடத்துக்குப் பெயர்கூட இல்லை.

கடைசியில் நடந்தது இது. வினவலில் / அப்படியே இருக்கிறது. ‘இன்ட்’ உறையை நானே எடுத்துப்போட்டேன். டெஸ்டில் மாதிரி ஆள் இப்போது 470 நிமிடம் வேலை செய்கிறார். திருத்தப் பதிவாக ஒரு -20 உம் உண்டு. டிக்கெட்டின் தலைப்பை மாற்றச் சொல்லி இரண்டு நாள் சண்டை போட்டேன், மாற்றவில்லை. ‘அப்கிரேடுக்குப் பின் சம்பளக் கணக்கு தவறு – சரிசெய்யப்பட்டது’ என்றே மூடியிருக்கிறார்கள். போன வருடங்களில் உதிர்ந்ததை ஆள்வாரியாக எடுக்க ஒரு வினவல் போதும். நிமிடங்கள் எல்லாம் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கின்றன. எறியப்பட்டது விடையில்தான், பதிவில் இல்லை. அந்த வினவலை எழுதி, சோதித்து, அனுப்பிவைத்திருக்கிறேன். ஓட்ட அனுமதி கேட்ட மின்னஞ்சலுக்கு இதை எழுதும் வரை பதில் வரவில்லை.