சொன்னது யார்?

2012 அக்டோபரில் ஒரு ராத்திரி. சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு ஆள், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், கோவிலைவிடக் கழிப்பறைதான் முக்கியம் என்று பட்டென்று பேசிவிட்டார். மத நம்பிக்கையைப் புண்படுத்திவிட்டார் என்று பா.ஜ.க. குதித்தது. அவருடைய காங்கிரஸ் கட்சியோ, நாங்கள் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் மதிக்கிறவர்கள் என்று சொல்லி நைசாகக் கழன்றுகொண்டது.

ஊரில் அப்பத்தா வீட்டில் அப்போது கழிப்பறை கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய் வந்துவிடும். விடிந்துவிட்டால் பொழுது சாய்கிறவரை அடக்கிக்கொண்டுதான் கிடக்க வேண்டும். அதற்காகவே பகலில் தண்ணீர் அதிகம் குடிக்காது. இத்தனைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற மனுஷி. மறுநாள் போனில் அமைச்சர் பேசியதைச் சொன்னேன்.

“சரியாத்தேன்டா சொல்லியிருக்காரு. எப்பக் கட்டித் தருவாராம்?”

அந்த எட்டுக் கட்டத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் இந்தக் கேள்வி வரவில்லை.

அந்த வருஷம்தான் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு வசதி விவரங்கள் வெளியாகியிருந்தன. நாட்டில் நூற்றுக்கு 47 வீடுகளில்தான் கழிப்பறை. டிவி இருந்த வீடுகளும் ஏறக்குறைய அதே 47தான், தசமப் புள்ளிக்கு அப்பால் பார்த்தால் டிவி ஒரு மயிரிழை முன்னால். நம் தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் அழகு: டிவி 87, கழிப்பறை 48. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி அப்பத்தா வீட்டிலும் இருந்தது. கழிப்பறைக்காக ஊர் உலகமே அடித்துக்கொள்வதை, கழிப்பறை இல்லாத வீட்டில் உட்கார்ந்து கலரில் பார்க்கலாம்.

வருஷம் முழுசாகத் திரும்பவில்லை. 2013 அக்டோபர் 2, டெல்லியில் ஒரு மேடை. முதலில் கழிப்பறை, அப்புறம்தான் கோவில் என்றார், பா.ஜ.க.வின் பிரதமர் வேட்பாளர் நரேந்திர மோடி. போன வருஷம் புண்பட்ட மனசெல்லாம் இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டது? விசுவ இந்து பரிஷத்தின் பிரவீண் தொகாடியா மட்டும் கோபப்பட்டார். அவர் கருத்து எனக்கு ஒத்துவராது, ஆனால் ஆளுக்கு ஒரு நியாயம் பேசவில்லை, அந்த மட்டுக்குப் பரவாயில்லை. போன வருஷம் நழுவிய காங்கிரஸ்காரர்கள், இது எங்கள் ஆள் சொன்னதுதானே என்று சொந்தம் கொண்டாட வந்தார்கள். நான் பார்க்கிற சேனலில், முன்பு ‘அவமதிப்பா?’ என்று கேட்டவரே, அதே கோட்டைப் போட்டுக்கொண்டு ‘துணிச்சலா?’ என்று கேட்டார். பேச்சு ஒன்றுதான். வாய்தான் வேறு.

வெளிப்படையாகப் பேசுகிறேன் பேர்வழி என்று சாதியையும் பெண்களையும் இழித்துப் பேசுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களை நாலு பேர் நன்றாகவே வையட்டும். ஆனால் ஒரு அமைச்சர் தன் துறை வேலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னால், சொன்னது சரியா என்று பார்க்காமல் சட்டையில் என்ன கட்சிப் பேட்ஜ் என்று பார்த்தால் எப்படி? நானும் யோக்கியன் இல்லை. 2012இல் அந்தச் சத்தத்தைக் கேட்டு, ‘இவருக்கு ஏன் இந்த வேண்டாத வாய்’ என்று சொல்லிக்கொண்டே ரசம் ஊற்றிக்கொண்டவன்தான்.

பிற்பாடு ஒரு திட்டத்தில் அப்பத்தா வீட்டுக் கொல்லையிலும் கழிப்பறை கட்டினார்கள். சுவரில் பயனாளி பெயர், தொகை எல்லாம் பெயிண்டில் எழுதியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் மட்டும் வரவில்லை. உள்ளே விறகு அடுக்கி வைத்திருக்கிறோம்.