பாட்டு ரசிகரும் கள்ள வியாபாரியும் ஒன்றா?

மாதுங்காவிலோ செம்பூரிலோ ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரைவிட்டு வந்த நாளில் டிரங்குப் பெட்டியோடு கொண்டுவந்த பழைய இசைத்தட்டுகள் அவரிடம் உள்ளன. இன்று எந்தக் கடையிலும் அவை கிடைப்பதில்லை. பேரனின் உதவியோடு அவற்றைக் கணினியில் ஏற்றுகிறார். சொந்தச் செலவில் ஓர் இணையதளம் தொடங்கி, படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், ஆண்டு ஆகிய விவரங்களோடு இலவசமாகத் தருகிறார். விளம்பரம் இல்லை, வசூலும் இல்லை. ஒருநாள் வக்கீல் நோட்டீசு வருகிறது. பயந்துபோய் அன்றே தளத்தை மூடிவிடுகிறார். பத்து வருஷ உழைப்பு பத்து நிமிஷத்தில் மறைந்துபோகிறது.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாரண்டு இல்லாமலே போலீசார் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

இதைக் கண்டு, "பாட்டுக்கு உரிமை எதற்கு?" என்று கேட்பதும் சரியல்ல. பாட்டு ஒருவருடைய உழைப்பு. சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரிடம் உரிமையை இழந்தவர்களே என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. பிறகு 35 ஆண்டுகள் காத்திருந்து, 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில்தான் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டிப் பங்கு கிடைத்தது. அந்தப் பங்கில் கை வைப்பது கவிஞரின் குடும்பத்து உலையில் கை வைப்பதாகும்.

ஆகவே கேள்வி, சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. யார் மீது, எப்படி என்பதுதான்.

டிக்கெட் இல்லாமல் ரயிலில் பிடிபட்டவரிடம் கட்டணமும் அபராதமும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். சரக்கு வண்டியை உடைத்துத் திருடுபவனுக்கு 1966-ஆம் ஆண்டின் வேறு சட்டம் காத்திருக்கிறது. இரண்டும் குற்றமே. ஆனால் ரயில்வே இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. பாட்டு விஷயத்தில் மட்டும் ஏன் இந்தப் பாகுபாடு இல்லை?

புதுப்படம் வெளியான அன்றே பாட்டுகளைத் திருடிப் போட்டு விளம்பரத்தில் சம்பாதிக்கிறவன் வியாபாரி. 2012-ல் இசைக் கம்பெனிகளின் வழக்கில் 104 இணையதளங்களைத் தடுக்கும்படி கல்கத்தா ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கள்ள வியாபாரத்தை அப்படி முடக்குவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. லாப நோக்கம் இல்லாதவருக்குத் தண்டனையைக் குறைக்கலாம் என்று 63-வது பிரிவே சொல்கிறது. ஆனால் அந்தச் சலுகை, கோர்ட்டு படியேறிக் குற்றவாளி என்று பெயர் வாங்கிய பிறகுதான்!

அமெரிக்காவின் அனுபவம் பாடமாக இருக்க வேண்டும். அங்கே 2003-ல் இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் சாதாரண ஜனங்கள் மீதே வழக்குகளைத் தொடுத்தது. நியூயார்க்கில் 12 வயதுச் சிறுமியின் குடும்பம் 2,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. கம்பெனிகளுக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம். 2008-ல் அந்த வழக்குமுறையையே கைவிட்டார்கள். குறைந்த விலையில் முறையாகப் பாட்டுக் கேட்க வழி பிறந்த பிறகே ஜனங்கள் பெருமளவில் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

தமிழர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. பாரதியார் பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. "பில்ஹணன்" படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது டி.கே.எஸ். சகோதரர்கள் மீது சட்ட நடவடிக்கையே வந்தது. தமிழ்நாடு கொதித்தது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசாங்கம் உரிமையை ஏற்க, செட்டியாரும் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதி பொதுச் சொத்தானார், யாரும் நஷ்டப்படவில்லை.

எல்லாப் பாட்டையும் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் செய்யக் கூடியவை சில உண்டு.

ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். 1960-ல் வந்த இசைத்தட்டின் உரிமை 2020 டிசம்பரோடு தீர்ந்துவிட்டது. ஆனால் பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். 1973-ல் காலமான பாபநாசம் சிவனின் சாகித்தியங்களுக்கு 2033 வரை காலம் இருக்கிறது. இந்தக் கணக்கு ரசிகருக்கு எப்படித் தெரியும்? எது தங்களுடையது, எது காலாவதியானது என்ற பட்டியலைக் கம்பெனிகளே வெளியிட வேண்டும்.

லாபம் தேடாத தனிநபருக்கு முதலில் எச்சரிக்கைக் கடிதம். குறிப்பிட்ட பாட்டை எடுக்க அவகாசம். அதற்கும் பணியாவிட்டால்தான் வழக்கு என்ற முறை வேண்டும். கம்பெனியே விற்காத பழைய பாட்டுகளுக்குச் சிறு கட்டணத்தில் அனுமதி தரலாம். அந்தக் கட்டணம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் போய்ச் சேரட்டும். ரசிகர்களும், இலவசமாகக் கொடுப்பதால் குற்றமில்லை என்ற எண்ணத்தைக் கைவிட்டு, கேட்டுப் பெறும் பழக்கத்துக்கு வர வேண்டும்.

இசைத்தட்டு தேய்ந்தால் இன்னொன்று கிடைக்காது. கம்பெனிக் கிடங்கில் இல்லாத பாட்டு ரசிகரின் அலமாரியில் இருக்கலாம். காப்பாற்றி வைத்தவரையே கள்ளனாக்கினால் நாளைக்கு விற்கவும் பாட்டு இராது. சம்பந்தப்பட்டவர்கள் சிந்திப்பார்களா?