பேருந்து வேலைநிறுத்தங்களில் அரசின் தலையீடு: பயணிகள் சங்கமாக எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகள் வேலைநிறுத்தத்தால் நிற்கும்போது அரசு தலையிட்டு அதை முடித்துவைக்க வேண்டும் என்று எங்கள் சங்கம் கருதுகிறது. எப்படித் தலையிடுவது என்பதில்தான் அரசோடும், சில சமயம் தொழிற்சங்கங்களோடும் எங்களுக்குக் கருத்து வேறுபாடு. தடை உத்தரவு, பணிநீக்க எச்சரிக்கை, தற்காலிக ஓட்டுநர் ஆகிய மூன்றையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. சம்பளத் தகராறைக் காலக்கெடு வைத்து ஒரு நடுவரிடம் விட வேண்டும், அவர் தீர்ப்புக்கு இரு தரப்பும் கட்டுப்பட வேண்டும், அதற்கான பணத்தை அரசு ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

இதற்கு எங்களுக்கு வழிகாட்டுவது 2018 ஜனவரி அனுபவம். போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் 13ஆவது ஊதிய ஒப்பந்தப் பேச்சில், அடிப்படைச் சம்பளத்தை 2.44 மடங்காக உயர்த்தித் தருகிறோம் என்றது அரசு. ஏழாவது ஊதியக் குழுவின்படி அரசு ஊழியர்களுக்குக் கிடைத்த 2.57 மடங்கையே எங்களுக்கும் தாருங்கள் என்றன தொழிற்சங்கங்கள். 10,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்குபவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 1,300 ரூபாய். ஜனவரி 4ஆம் தேதி சில சங்கங்கள் 2.44க்குக் கையெழுத்துப் போட, மற்றவை அன்று மாலையே வண்டிகளைப் பணிமனைக்குத் திருப்பின. மறுநாள் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரும் வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை வரும் என்று உத்தரவிட்டது. வண்டிகள் ஓடவில்லை. ஒரு வாரம் போனபின், 11ஆம் தேதி, அதே நீதிமன்றம் 2.44ஆ 2.57ஆ என்ற கேள்வியை ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனிடம் ஒப்படைத்தது. அன்றிரவே போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. முதல் உத்தரவால் ஆகாததை இரண்டாவது உத்தரவு சாதித்தது. அதே நடுவரை டிசம்பரிலேயே நியமித்திருந்தால், பொங்கலுக்கு ஊருக்குப் போகக் காத்திருந்தவர்கள் அந்த எட்டு நாள் அல்லாடியிருக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில் நாங்கள் பட்டதை அரசுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். ஸ்டிரைக் அன்று சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் போக்குவரத்து நெரிசலோடு போயிற்று. விடியற்காலை முதல் டவுன் பஸ்ஸை நம்பித் தூக்குச்சட்டியோடு நிற்கும் சித்தாள் பெண்களுக்கு அன்றைய கூலியே போயிற்று. டயாலிசிஸுக்கு மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டியவர் ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்தார், இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கொடுத்து. ஓடிய அரசுப் பேருந்துகளில் பலவற்றைத் தற்காலிக ஓட்டுநர்கள் எடுத்தார்கள். லாரி ஓட்டிப் பழகியவர்களாக இருந்தாலும், அறுபது பேர் நிற்கும் பேருந்தை எங்கே, எப்படி நிறுத்த வேண்டும் என்பது வேறு பழக்கம். கட்டண ஸ்டேஜ் தெரியாத நடத்துநர்கள் தோராயமாகக் காசு வாங்கினார்கள். பல ஊர்களில் விபத்துகள் நடந்தன. பேருந்து ஓடுகிறது என்று கணக்குக் காட்டுவதற்காகப் பயணிகளின் உயிரைப் பணயம் வைக்கும் இந்த ஏற்பாட்டை இனி எந்த வேலைநிறுத்தத்திலும் செய்யக் கூடாது.

வேலைநிறுத்தம் திடீரென்று வருவதில்லை. 2016 ஆகஸ்டோடு முடிந்த ஒப்பந்தத்துக்கு அடுத்ததை 2018 ஜனவரியில் போட்டார்கள். 2019 செப்டம்பரில் வந்திருக்க வேண்டிய 14ஆவது ஒப்பந்தம் 2022 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது. அதற்கடுத்தது 2023 செப்டம்பரில் வர வேண்டியது, 2025 மே மாதம் வரை இழுத்தது. இடையில் 2024 ஜனவரியில், மறுபடியும் பொங்கலை ஒட்டி, வேலைநிறுத்தம். அதுவும் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே தள்ளிவைக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, இந்தத் தாமதம் மாறவில்லை. ஆகவே எந்தக் கட்சிக்கும் எதிராக நாங்கள் இதைச் சொல்லவில்லை.

தாமதத்துக்குக் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. எட்டுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் முதலாளி அரசு. பேச்சு முறிந்தால் சமரசம் செய்ய உட்காரும் தொழிலாளர் துறையும் அரசு. முதலாளியே நாட்டாமையாகவும் உட்கார்ந்தால் தீர்ப்பில் யாருக்கு நம்பிக்கை வரும்? வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருப்பதும், கடைசி நிமிடத்தில் நீதிமன்றக் கதவைத் தட்ட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

பண விஷயத்தையும் ஒளிக்காமல் பேச வேண்டும். 2018இல் சங்கங்களின் கோபம் 2.57இல் மட்டும் இல்லை. தங்கள் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7,000 கோடி ரூபாயைக் கழகங்கள் செலவழித்துவிட்டன என்று அவர்கள் குற்றம்சாட்டினார்கள். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்து முதுகுவலியோடு ஓய்வுபெற்றவர், தன் பணிக்கொடைக்காகப் பணிமனை அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார் என்பதைப் பணியிலிருக்கும் ஓட்டுநர் தினமும் பார்க்கிறார். ஓய்வுபெற்றவர்களுக்குப் பொங்கலுக்குள் 750 கோடி தருவதாக அரசு அறிவித்த பிறகே பேச்சில் இளக்கம் வந்தது. ஆனால் போராட்டம் முடிந்த பத்தாவது நாளுக்குள், ஜனவரி 20ஆம் தேதி, பேருந்துக் கட்டணம் உயர்ந்தது; 2011க்குப் பிறகு முதல் முறையாக, அதுவும் மிகக் கடுமையாக. மாணவர்கள் தெருவுக்கு வந்தபின் கொஞ்சம் குறைத்தார்கள். ஒரு தகராறைத் தீர்க்கும் செலவை முன்னறிவிப்பின்றிப் பயணிகள் தலையில் இறக்குவது எங்கள் பார்வையில் தீர்வே இல்லை. கிராமத்துக்கு நஷ்டத்தில் ஓடும் வண்டியும் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் அரசு எடுத்த நல்ல முடிவுகள். அவற்றின் செலவு பட்ஜெட்டிலிருந்து மாதந்தோறும் கழகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கடுமை காட்டினால் சீக்கிரம் முடியும் என்பவர்கள் தெலங்கானாவைப் பார்க்கலாம். 2019 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே சுமார் 48,000 பேருந்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கெடுவுக்குள் வராதவர்கள் தாங்களே வேலையை விட்டுப் போனவர்கள் என்று முதல்வர் சந்திரசேகர ராவ் அறிவித்தார். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவரைக் கொண்ட குழுவை அமைக்கலாம் என்று உயர்நீதிமன்றம் சொன்ன யோசனையை அரசு ஏற்கவில்லை. 52 நாள் நீடித்தது. தொழிலாளர்களில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரையும் அதே அரசுதான் திரும்ப வேலைக்கு அழைத்தது. கழக ஊழியர்களை அரசு ஊழியர்களாக்க வேண்டும் என்ற அவர்களின் முதன்மைக் கோரிக்கைக்கு 2023இல் சட்டமும் போட்டது. முடியவே முடியாது என்று 52 நாள் மறுக்கப்பட்ட கோரிக்கை அது.

தொழிற்சங்கத் தோழர்களிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. வேலைநிறுத்தம் உங்கள் உரிமை. அதைப் பறிக்கச் சொல்லி நாங்கள் ஒருபோதும் மனுக் கொடுக்க மாட்டோம். ஆனால் 2018 ஜனவரி 4 மாலை, வேலை முடித்து வீடு திரும்பும் நேரத்தில் எங்களை நடுவழியில் இறக்கிவிட்டது தவறு. எடுத்த டிரிப்பை முடிக்காமல் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு பணிமனையிலும் காலை முதல் வண்டி, அரசு மருத்துவமனை வழித்தட வண்டி, தேர்வு நாளில் பள்ளி நேர வண்டி இவற்றுக்குக் குறைந்தபட்ச ஷெட்யூல் ஒன்றை நிர்வாகமும் சங்கங்களும் சமாதான காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அதைப் பழகிய ஓட்டுநர்களே ஓட்ட வேண்டும்.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் செய்யக் கூடாது. தொழிலாளியின் கையிலிருந்து இவ்வளவை எடுத்துக்கொள்ளும்போது பதிலுக்கு ஒன்று தர வேண்டும். நியூயார்க்கில் பொதுத்துறை வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் டெய்லர் சட்டம், போக்குவரத்துத் தொழிலாளர்களின் தகராறை, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பைச் சொல்லும் நடுவர் குழுவுக்கு அனுப்பவும் வழி வைத்திருக்கிறது. அங்கும் 2005 டிசம்பரில் மூன்று நாள் ரயிலும் பேருந்தும் நின்றன, சங்கத்துக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. என்றாலும் சம்பள ஒப்பந்தம் முடிவானது நடுவர் குழுவிடம்தான். நம் புதிய சட்டத்தில் நடுவரிடம் போக இரு தரப்பின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். தகராறு முற்றிய நேரத்தில் அந்தச் சம்மதம் கிடைப்பது அரிது.

ஆகவே அடுத்த ஊதிய ஒப்பந்தத்திலேயே அந்தச் சம்மதத்தை ஒரு ஷரத்தாக எழுதிவிடுங்கள் என்று போக்குவரத்துத் துறையையும் சங்கங்களையும் கேட்கிறோம். ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பு பேச்சைத் தொடங்க வேண்டும். முடியும் தேதிக்குள் உடன்பாடு வராவிட்டால், இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்ற ஓய்வுபெற்ற நீதிபதியிடம் விஷயம் தானாகப் போய்விட வேண்டும். அவர் தொண்ணூறு நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவரை ஓர் இடைக்கால உயர்வு தரப்பட வேண்டும். கழகங்களின் வரவு செலவையும் வைப்பு நிதி நிலுவையையும் அவர் முன் பகிரங்கமாக வைக்க வேண்டும். அந்த விசாரணையில் பயணிகள் தரப்பையும் அழைத்துக் கேட்க வேண்டும். நாங்கள் வரத் தயாராக இருக்கிறோம்.