கொல்லைப்புறம்: அடைக்கோழியின்மேல் பழி போடாதீர்கள்

"பதினாறு நாள் ஒழுங்காக அடைகாத்த கோழி, பதினேழாம் நாள் கூடையை விட்டு எழுந்து ஓடிவிட்டது. முட்டையெல்லாம் பாழ். இது ராசியில்லாத கோழி, அடித்துக் குழம்பு வைத்துவிடு என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

சகோதரி, கத்தியைச் சற்றுக் கீழே வையுங்கள். முதலில் அந்தக் கூடையில் போட்டிருந்த காய்ந்த லாலான் புல்லை ஒரு வெள்ளைத் துணியின்மேல் உதறிப் பாருங்கள். மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் சின்னஞ்சிறு புள்ளிகள் நகருகின்றனவா? அதுதான் செள். இரவும் பகலும் இரத்தத்தை உறிஞ்சினால் எந்தத் தாய்தான் உட்கார்ந்திருப்பாள்? எழுந்து ஓடிய உங்கள் கோழி பிழைத்துக்கொண்டது. எங்கள் செவலை எழுந்திருக்கவில்லை.

நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்த காலம் அது. செவலை பதினோரு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். கொண்டை வெளுத்துக்கொண்டே வந்தது. அடைக்கோழி தீனி குறைத்துத்தானே தின்னும், அதனால்தான் என்று அம்மா சொன்னார், நானும் நம்பினேன். பத்தொன்பதாம் நாள் காலையில் பார்த்தால், முட்டைகளை இறக்கைக்குள் வைத்தபடியே செத்துக் கிடந்தாள். தூக்கினேன். என் முழங்கை வரைக்கும் செள் ஏறிவிட்டது. ஏதோ சீக்கு என்று சொல்லிப் புதைத்தோம். ஆனால் அதே கூடையில்தான் அடுத்த கோழியையும் அடை வைத்தோம்! அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பேன் வேறு, செள் வேறு. பேன் வைக்கோல் நிறத்தில் இருக்கும். கோழியின் உடம்பிலேயே குடியிருந்து இறகையும் தோல் செதிலையும் தின்னும். செள் இரத்தம் குடிப்பது. அதிலும் இரண்டு ஜாதி நமக்குத் தொல்லை தருகின்றன. ஒன்று, பகலெல்லாம் கூண்டின் விரிசலில் ஒளிந்திருந்து, இருட்டியபின் வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வரும்போது சாம்பல் நிறம், போகும்போது சிவப்பு. மற்றொன்று நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கே உரியது. கோழியின் பின்பக்கத்து இறகிலும் முட்டையிடும் கூட்டிலும் இருக்கும். கூரைக்கடியில் மைனா கூடு கட்டியிருந்தால் அங்கிருந்தும் இறங்கி வரும். குஞ்சுகள் பறந்து போனபின் அந்தக் கூட்டை எடுத்து எரித்துவிடுங்கள்.

பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லையே" என்று விட்டுவிடுகிறோம். முதல் ஜாதிச் செள் பகலில் எப்படிக் கண்ணில் படும்? இரவு ஒன்பது மணிக்குமேல் கைவிளக்கோடு போங்கள். கோழி அடையும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் இரத்தக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம். முட்டை ஓட்டில் சிறு இரத்தப் புள்ளிகள், பொழுது சாய்ந்தும் கூண்டுக்குள் போக மறுத்து மரத்தில் ஏறும் கோழி, முட்டை பொறுக்கிய கையில் அரிப்பு, இவையும் அடையாளங்கள்.

வைத்தியம் கோழிக்கு மட்டும் செய்தால் போதாது. வீட்டுக்கும் செய்ய வேண்டும். பழைய புல், அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் கூண்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் எரியுங்கள். மூங்கில் கம்பு போட்டிருக்கிறீர்களா? அதையும் சேர்த்து எரியுங்கள். வெடித்த மூங்கிலின் உள்ளே ஓர் ஊரே குடியிருக்கும். வழவழப்பாக இழைத்த சட்டத்தைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். கோழிகளை வெளியே விட்டுவிட்டு, கூண்டின் மூலை முடுக்கெல்லாம் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். காய்ந்ததும் விரிசல்களில் சமையலில் மிஞ்சிய எண்ணெயைத் தூரிகையால் அடைத்துப் பூசுங்கள். செள் மூச்சு முட்டிச் சாகும். சிலர் மண்ணெண்ணெய் பூசுவார்கள். கோழியின்மேல் படக்கூடாது, நெருப்பு பக்கத்தில் வரக்கூடாது.

கோழிக்கு ஒரு பழைய தொட்டியில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து, மழை படாத இடத்தில் வையுங்கள். அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும். சாயம் பூசிய பலகையை எரித்த சாம்பல் வேண்டாம். வேப்பிலை போடலாமா என்றால், போடுங்கள். ஆனால் ஏற்கெனவே வந்து குடியேறிய செள்ளை வேப்பிலை விரட்டி நான் பார்த்ததில்லை.

அதற்கும் அடங்காவிட்டால் பெர்மெத்ரின் கலந்த மருந்துப் பொடி இருக்கிறது. கோழிக்கென்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். முட்டையை எத்தனை நாள் தின்னக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைக்கு அது நஞ்சு.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்தடிக்கும் பம்பு கையில் இருக்கிறது என்பதற்காக, காய்கறிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழிமேல் அடிக்காதீர்கள். 2017-இல் ஐரோப்பாவில் நடந்தது தெரியுமல்லவா? பெரிய பண்ணைகளில் இதே செள்ளை ஒழிக்கப்போய், கோழிக்கூடங்களில் ஃபிப்ரோனில் என்ற தடை செய்த மருந்தைப் பயன்படுத்தினார்கள். அது முட்டைக்குள் போய்விட்டது. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் முட்டைகள் கோடிக்கணக்கில் வீணாயின. அங்கே சோதித்துப் பார்க்க ஆள் இருந்தார்கள். நம் கொல்லை முட்டையை யார் சோதிக்கிறார்கள்? அது நேரே பிள்ளையின் தட்டுக்கு வருகிறது. சந்தேகமிருந்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள்.

காலில் செதில் தடித்து மேலெழுந்திருந்தால், அது தோலுக்குள் துளைத்துக் குடியிருக்கும் வேறொரு செள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலை ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, வாஸலின் பூசுங்கள். பல நாள் தொடர வேண்டும். செதிலைப் பிய்த்தால் இரத்தம் வரும்.

இனி அந்தச் சகோதரிக்கு. அந்தக் கோழியை ஒரு மாதம் நன்றாகத் தீனி போட்டுத் தேற்றுங்கள். பிறகு புதுப் பெட்டி, புதுப் புல் போட்டு அடை வையுங்கள். அது தீனிக்கு எழும் சிறு நேரத்தில், வாரம் இருமுறை முட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கூண்டைச் சுத்தம் செய்த நாளிலிருந்து ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் மறுபடி அதே வேலையைச் செய்ய வேண்டும். முதல் முறை தப்பிய முட்டைகள் இந்தச் சூட்டில் ஒரே வாரத்தில் வளர்ந்து பெரிதாகிவிடும். சுவர்க் காலண்டரில் இரண்டு தேதிகளையும் இப்போதே வட்டமிட்டு வையுங்கள்.