படம் கீறுகிற படிப்பு

சென்ற ஆண்டு எங்கள் சபையில் ஒரு குடும்பம் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டது. உயிரியலில் பட்டம் முடித்த மகள், கட்டடக்கலையில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம். "நீங்கள் ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆக்கள். நர்சிங்குக்குப் போகச் சொல்லி ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ. படம் கீறுற படிப்புக்கு ஏன் இன்னும் காசு?" என்றார் தாயார். நாங்களும் அவள் மனதை மாற்றத்தான் போனோம்.

அவள் மடிக்கணினியைத் திறந்து, விண்ணப்பத்துக்காகச் செய்த போர்ட்ஃபோலியோவைக் காட்டினாள். அதில் எங்கள் ஆலயத்துப் படிக்கட்டு இருந்தது! ஆராதனை முடிந்ததும் எல்லோரும் தேத்தண்ணிக்கு இறங்குகிற, கீழ் மண்டபத்துக்குப் போகும் அதே படிகள். ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்திருந்தாள். இறங்க முடியாமல் மேலே வாங்கிலேயே இருந்துவிடுகிற அம்மாமார் எத்தனை பேர், அவர்களோடு யார் கதைக்கிறார்கள், எவ்வளவு நேரம் தனியே இருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறுகள் குறித்திருந்தாள். தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு நாங்களும் எத்தனையோ தரம் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறோம். அளக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

தாதியருக்கு இது புது விஷயமாக இருக்கவும் கூடாது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வைத்தியசாலைகள் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டார். 23 பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முந்தி வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. எந்த நோயாளியை எந்தக் கட்டிலில் விடுவது என்று நாங்கள் யோசிக்கலாம். ஜன்னலை எங்கே வைப்பது என்பதை எங்களுக்குப் பல வருடம் முந்தியே வேறொருவர் முடிவு செய்துவிட்டார். அந்த ஆள் எங்கள் பிள்ளைகளில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

பெற்றோருக்குப் பயம் இருப்பது நியாயம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டு வேறு கேள்விகளைக் கேட்கிறோம். முதலில், படிப்புக்குத் தொழில் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். கனடாவில் அதைக் கொடுப்பது சி.ஏ.சி.பி. என்ற சபை, பெயரில் ஆர்க்கிடெக்சர் என்று இருக்கிற எல்லாப் பட்டத்துக்கும் அது கிடைப்பதில்லை. வேறு துறையில் பட்டம் எடுத்தவரையும் ரொறொன்ரோ பல்கலைக்கழகம் சேர்க்கிறது, ஆனால் மூன்றரை வருடம். அதற்குப் பிறகு உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் 3,720 மணித்தியால வேலை, நான்கு பகுதிச் சோதனை. அதுவரை தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்ராறியோச் சட்டம் விடாது. ஆகவே கலியாண வீடுகளில் "மகள் ஆர்க்கிடெக்ட்" என்று சொல்ல ஐந்தாறு வருடமாவது பொறுக்க வேண்டும். காசு ஒன்றுதான் நோக்கம் என்றால் இதைவிடக் கிட்டிய வழிகள் இருக்கின்றன. அதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னோம்.

முதல் பட்டம் வீண் என்ற கவலை மட்டும் வேண்டாம். இலங்கைப் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த ஜெஃப்ரி பாவா முதலில் சட்டத்தரணி. கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு 38 வயது.

எங்களுக்கு ஒப்பாத விஷயம் ஒன்று உண்டு, அது இந்தப் படிப்பின் இரவுகள். முதல் தவணையில் அவள் இரண்டு இரவு படுக்காமல் மாதிரி ஒட்டி, விடியப்புறம் கத்தியால் பெருவிரலை வெட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனாள். நாலு தையல். ஸ்டூடியோவில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்களாம்! நாங்களும் இரவு வேலைக்காரர்தான். ஆனால் பன்னிரண்டு மணித்தியாலம் முடிந்தால் பொறுப்பை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறோம். அங்கே பொறுப்பை வாங்க ஆள் இல்லை. தம்பி தங்கைமாரே, நித்திரை கொள்ளாமல் செய்த வேலை நல்ல வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதேயுங்கோ. பெற்றோரே, புள்ளி எவ்வளவு என்று கேட்குமுன் எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேளுங்கள்.

அந்தத் தையலோடுதான் அவள் ரிவியூவுக்குப் போனாள். வரைபடங்களைச் சுவரில் குத்திவிட்டு முன்னால் நிற்க வேண்டும். ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் எல்லோர் முன்னாலும் குறை சொல்வார்கள். எங்கள் வீடுகளில் பெரியவர் குறை சொன்னால் தலையைக் குனியப் பழக்கியிருக்கிறோம். அங்கே தலை குனிந்தால், சொல்ல ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவள் பஸ்ஸில் அழுதுகொண்டுதான் வந்தாளாம். அடுத்த தரம் வாலிபர் கூட்டத்தில் எங்கள் முன்னால் இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டுப் போனாள். நாங்களும் விடாமல் குறுக்குக் கேள்வி கேட்டோம்.

ஏப்ரலில் அடுத்த ரிவியூ. தாயார் வருகிறேன் என்றிருக்கிறார். அன்றைய இரவு வேலையை மாற்றித் தரச் சொல்லி நாங்களும் கேட்டிருக்கிறோம்.