முட்டுக்கட்டை

பள்ளி திறந்த சில நாட்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சிறு பரீட்சை வைத்தேன். ‘முட்டுக்கட்டை’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக என்பது ஒரு வினா. ‘நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடலாகாது’ என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அச்சொல் படும் பாட்டைக் கண்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஒரே ஒரு பையன் மட்டும், ‘எங்கள் தாத்தா முட்டுக்கட்டை போடாவிட்டால் தேர் திரும்பாது’ என்று எழுதியிருந்தான். பொருள் பிறழ்ந்ததாகக் கருதி அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

மறுநாள் அவன் தாளும் கையுமாய் என் முன் வந்து நின்றான். “சார், முட்டுக்கட்டை தேருக்குத்தானே போடுவாங்க? இதில் என்ன தப்பு?” என்றான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அன்று மாலையே அவனுடன் அவன் வீட்டுக்குப் போனேன்.

நேயர்களுக்கு நம் ஊர்த் தேரோட்டத்தை வருணிக்க வேண்டியதில்லை. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரம் சதுரமாய் அமைந்த ஊர் மதுரை. முன்னாளில் மாசி மாதத்தில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பது வழக்கு. மாதம் மாறினாலும் வீதியின் பெயர் மாறவில்லை. தேரும் வீதியை மாற்றிக்கொள்ளவில்லை. திருக்கல்யாணத்துக்கு மறுநாள் காலை, பெரிய தேரில் பிரியாவிடையுடன் சுந்தரேசுவரரும், சிறிய தேரில் மீனாட்சியம்மையும் கீழமாசி வீதியிலிருந்து புறப்படுகிறார்கள். தெற்கு, மேற்கு, வடக்கு மாசி வீதிகளைச் சுற்றித் திரும்பவும் கீழமாசி வீதிக்கே வந்து நிலை சேர்கிறார்கள். இருமருங்கும் கடைகளும் மாடிகளும் நெருங்கிய வீதியில் அத்தனை பெரிய வண்டியை மனிதர் கைகளே நகர்த்துகின்றன. மனிதர் கைகளே நிறுத்துகின்றன.

பையனின் தாத்தா தம் இளமை முதல் தேருக்குக் கட்டை போட்டவர். “வாத்தியாரய்யா, வடம் பிடிக்கிறவங்களுக்குத் தேர் தெரியாது, சனத்தின் முதுகுதான் தெரியும். தேரைப் பார்க்கிறவன் கட்டைக்காரன்” என்று ஆரம்பித்தார்.

மோட்டார் வண்டியில் முன்சக்கரங்கள் திரும்புகின்றன. மாட்டு வண்டியைத் திருப்ப நுகத்தடி இருக்கிறது. தேருக்கு இவ்விரண்டும் கிடையா. அதன் சக்கரங்கள் நேரான அச்சில் கோக்கப்பட்டவை. நேரே ஓடுவதைத் தவிர அவற்றுக்கு வேறொன்றும் தெரியாது. தேர் இம்மியளவு இடப்புறம் ஒதுங்கினால், அப்படியே போய் எவர் வீட்டுத் திண்ணையிலாவது ஏறும். அப்போது கட்டைக்காரர் சரிவாகச் செதுக்கிய மரக்கட்டையைச் சக்கரத்தின் முன்னே சாய்வாக வைக்கிறார். சக்கரம் அந்தச் சரிவில் உராய்ந்து ஒரு விரற்கடை விலகி இறங்குகிறது. தேர் நேராகிறது. இப்படி ஒருமுறை அன்று, வீதி நெடுகிலும் எத்தனையோ முறை செய்ய வேண்டும்.

வீதி முனையில் வேலை இன்னும் கடினம். கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்குமிடத்தில் விளக்குத்தூண் நிற்கிறது. மதுரைக் கோட்டை மதிலை இடித்து நகரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த தூண் அது. தேரின் முதல் திருப்பம் அங்கேதான். வலப்பக்கத்துச் சக்கரத்தைக் கட்டை தடுக்கிறது. இடப்பக்கத்துச் சக்கரம் முன்னே செல்கிறது. தேரின் முகம் ஒரு சாண் திரும்புகிறது. வடத்தைத் தளர்த்திப் புதிய வீதியின் பக்கமாக ஒதுக்குகிறார்கள். மறுபடி இழுப்பு, மறுபடி கட்டை, மறுபடி ஒரு சாண். நின்ற தேர் அசைய மறுத்தால், பின்சக்கரத்தின் அடியில் நெடிய மரங்களைக் கொடுத்து நெம்புகிறார்கள். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அங்கே முனைகளில் இரும்புத் தகடு விரித்து, மசகு பூசி, அதன்மேல் சக்கரத்தை வழுக்கித் திருப்புகிறார்கள். திருச்சி பெல் நிறுவனத்தார் அத்தேருக்கு இரும்பு அச்சும் நீரழுத்தத் தடையும் செய்து பொருத்தினார்கள். ஆயினும் கட்டைக்காரர்களுக்கு அங்கேயும் வேலை போய்விடவில்லை.

“எது கஷ்டம், பெரியவரே? திருப்புவதா?” என்று கேட்டேன்.

“திருப்புறதைவிட நிலைக்குக் கொண்டுவர்றதுதான் கஷ்டம்” என்றார். “அதுவரை இழுத்த சனம் வீட்டுக்குப் போற அவசரத்தில் இருக்கும். கடைசி ஆறடிக்கு வேகம் ஆகாது. ஒரு முழம் தாண்டிவிட்டால் பின்னாலே இழுக்க வடம் ஏது?”

பேசும்போதே தம் வலக்கையை நீட்டிக் காண்பித்தார். இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. கட்டையை வைத்த கையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுக்கத் தவறியதற்கு அது விலை. அந்த இடத்தில் உயிரையே கொடுத்தவர்களும் நம் நாட்டில் உண்டு. அவர் பேரனுக்கு இந்த வேலை வேண்டாம் என்கிறார். அதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டை போடத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் அருகி வருகிறார்கள் என்று அவர் சொன்னபோது என் மனம் துணுக்குற்றது. இழுப்பதற்கு ஆயிரம் பேர் வரக்கூடும். நிறுத்தத் தெரிந்தவர் பத்துப் பேராவது வேண்டாமா?

2022 ஏப்ரல் 27 அன்று விடியுமுன், தஞ்சைக்கு அருகே களிமேட்டில் அப்பர் விழாவின் தேர், வீதி வளைவில் திருப்பும் வேளையில் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். பக்தியில் அங்கே குறைவு இருந்ததென்று எவரும் சொல்ல முடியாது. குறைந்தது, ‘நில்லுங்கள், மேலே பாருங்கள்’ என்று சொல்லி நிறுத்தும் ஏற்பாடு ஒன்றுதான். தேரோடும் வீதியில் முன்கூட்டியே நடந்து பார்ப்பதும், மின்சாரத்தை நிறுத்துவிப்பதும், கட்டைக்காரர் சொல்லுக்கு வடத்தைத் தளர்த்துவதும் விழாவுக்கு இடையூறு அல்ல. அவையும் விழாவின் பகுதியே. பழகிய கட்டைக்காரர்களுக்குத் தக்க ஊதியமும் விபத்துக் காப்பும் அளித்து, இளைஞர்களை அவர்களிடம் பயிற்றுவிக்கக் கோயில் நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

பொதுக் காரியங்களிலும் நாம் வடம் பிடிப்பவரை வாழ்த்துகிறோம். ‘சற்றுப் பொறுங்கள், முனை வருகிறது’ என்பவரை முட்டுக்கட்டை என்று ஏசுகிறோம். நகராமலிருக்கவே கட்டை போடுபவரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பதற்கு முன், அவர் கண் தேரின் மேல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மறுநாள் பையனின் தாளை வாங்கி, குறைத்த அரை மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டேன். வகுப்பு முழுவதும் கேட்க அவன் வாக்கியத்தை இருமுறை படிக்கச் சொன்னேன்.