பிள்ளைக்குக் காய்ச்சல்: வெப்பமானியைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா?

நள்ளிரவு மணி 1. இரண்டு வயதுப் பிள்ளையின் நெற்றி கொதிக்கிறது. வெப்பமானி 39.4 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்கிறார் அம்மா.

"காலையில கிளினிக்குக் கூட்டிட்டுப் போகலாமே" என்கிறார் அப்பா.

"காய்ச்சல் மூளைக்கு ஏறிடப் போகுது" என்று பாட்டி பதறுகிறார்.

சிங்கப்பூரில் சிறு பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் இந்தக் காட்சி ஆண்டுக்குச் சில முறையாவது நடக்கும். மூவரில் யார் சொல்வது சரி?

39.4 என்ற எண்ணை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

காய்ச்சல் ஏன் வருகிறது?

காய்ச்சல் ஒரு நோய் அல்ல. உடல் ஏதோ ஒரு கிருமியை எதிர்த்துப் போராடுகிறது என்பதற்கான அடையாளம் அது.

கிருமி உள்ளே நுழைந்ததும், மூளையில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் உடலின் வெப்பத்தை வேண்டுமென்றே உயர்த்துகிறது. 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அது காய்ச்சல்.

அக்குளில் வைத்துப் பார்க்கும்போது உடலின் உண்மையான வெப்பத்தைவிட ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகக் காட்டலாம். நெற்றியில் காட்டிப் பார்க்கும் கருவி வசதியானது, ஆனால் அவ்வளவு துல்லியமானதல்ல. சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை பாருங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு வரும் பெரும்பாலான காய்ச்சலுக்குக் காரணம் கிருமித்தொற்றில் வைரஸ் வகை. சளி, சளிக்காய்ச்சல், கை கால் வாய்ப்புண் நோய் எல்லாம் அந்த வகைதான். பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் தானாகவே அடங்கிவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அதாவது ஆன்டிபயாடிக், வைரஸிடம் வேலை செய்யாது. டாக்டர் அதைக் கொடுக்கவில்லை என்றால் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கத் தேவையில்லை.

காய்ச்சல் மூளையைப் பாதிக்குமா?

பாட்டியின் பயம் பழையது. உலகெங்கும் உள்ளது. 1980இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் பெற்றோரிடம் இதுபற்றிக் கேட்டறிந்தார். காய்ச்சலால் மூளை கெட்டுப்போகும் என்று பலர் அஞ்சியது தெரியவந்தது. அந்த அச்சத்துக்கு அவர் 'காய்ச்சல் பீதி' என்றே பெயர் வைத்தார்.

கிருமியால் வரும் காய்ச்சலை உடல் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. அது 41 டிகிரியைத் தாண்டுவது அரிது. வெப்பமே மூளையைப் பாதிக்கவேண்டுமென்றால் 42 டிகிரி அளவுக்கு உயரவேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் பிள்ளை மாட்டிக்கொள்வது போன்ற சூழலில்தான் அந்த ஆபத்து.

39.4 என்பது பார்க்கப் பயமாக இருந்தாலும், அந்த எண் தன்னளவில் மூளையை ஒன்றும் செய்யாது.

எண் மட்டுமே போதும்: 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தை

இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு.

பிறந்து 3 மாதம்கூட ஆகாத குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் காலைவரை காத்திருக்கக்கூடாது. குழந்தை நன்றாகப் பால் குடித்தாலும் சரி, சிரித்தாலும் சரி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நீங்களாகவே காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்க்கவும் கூடாது.

அந்த வயதில் எதிர்ப்புச் சக்தி முழுமையாக வளர்ந்திருக்காது. ரத்தத்திலோ சிறுநீரிலோ மூளை உறையிலோ தொற்று இருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம்.

3 முதல் 6 மாதக் குழந்தைக்கு 39 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கும் காத்திருப்பு வேண்டாம்.

மற்ற பிள்ளைகளிடம் எதைக் கவனிப்பது?

காய்ச்சல் மருந்து கொடுத்து, வெப்பம் கொஞ்சம் இறங்கிய பிறகு பிள்ளையைக் கவனியுங்கள். விளையாட்டுச் சாமானைத் தேடுகிறதா? தண்ணீர் குடிக்கிறதா? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? அப்படியென்றால் 39.4 ஆக இருந்திருந்தாலும் பெரும்பாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சாப்பாடு இறங்கவில்லை என்றால் இரண்டொரு நாள் பரவாயில்லை. தண்ணீர்தான் முக்கியம்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும், வெப்பமானி 38.2 மட்டுமே காட்டினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறது
• உதடு நீலம் பூத்திருக்கிறது
• எழுப்பினாலும் சரியாக எழவில்லை, துவண்டு கிடக்கிறது
• என்ன செய்தாலும் அழுகை நிற்கவில்லை
• கழுத்து விறைத்திருக்கிறது, கடுமையான தலைவலி
• தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள். கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை
• குடிப்பதையெல்லாம் வாந்தி எடுக்கிறது. 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை
• வலிப்பு வந்தது

மூச்சுத் திணறல், சுயநினைவு இல்லாமை என்றால் 995க்கு அழைத்துவிடுங்கள்.

கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறுவர்களுக்கென்றே தனி அவசரச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அங்கு முதலில் வந்தவரை முதலில் பார்ப்பதில்லை. யாருடைய நிலைமை மோசமாக இருக்கிறதோ அவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். சாதாரணக் காய்ச்சலுடன் போகும் பிள்ளை, மற்ற நோயாளிப் பிள்ளைகளுக்கு நடுவே பல மணி நேரம் காத்திருக்க நேரிடலாம்.

மருந்தில் எங்கே தவறு நடக்கிறது?

பாராசிட்டமால் இல்லாத வீடு இல்லை. அதில்தான் கவனக்குறைவும் அதிகம்.

முதலாவது, புட்டியின் அளவு. பிள்ளைகளுக்கான பாராசிட்டமால் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. ஒரு புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொன்றில் அதே 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் இருக்கும். இரண்டு மடங்குக்கும் மேல்!

"போன தடவை அஞ்சு எம்.எல். கொடுத்தோமே, அதையே கொடு" என்பது ஆபத்தான கணக்கு.

மருந்தின் அளவை முடிவு செய்வது பிள்ளையின் எடை. ஒரு கிலோகிராமுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 10 கிலோகிராம் எடையுள்ள பிள்ளைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். 120 என்று எழுதிய புட்டியில் அது 6 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம். 250 என்று எழுதிய புட்டியில் வெறும் 3 மில்லிலிட்டர். 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வேண்டாம். அளவில் சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, இருவர் கொடுப்பது. சாயங்காலம் 6 மணிக்குப் பாட்டியோ பணிப்பெண்ணோ மருந்து கொடுத்திருப்பார். 7 மணிக்கு வேலை முடிந்து வரும் அம்மா தெரியாமல் இன்னொரு முறை கொடுத்துவிடுவார். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

மூன்றாவது, இபுபுரோஃபென். காய்ச்சலை நன்றாகக் குறைக்கும் என்பதால் பலரும் விரும்பும் மருந்து. ஆனால் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. டெங்கியோ சின்னம்மையோ இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் கொடுக்கக்கூடாது. டெங்கியின்போது அது ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மருந்தின் நோக்கம் 37 டிகிரிக்குக் கொண்டுவருவது அல்ல. பிள்ளையின் அசௌகரியத்தைக் குறைப்பது. நன்றாகத் தூங்கும் பிள்ளையை மருந்து கொடுக்கவென்று எழுப்ப வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியம் உதவுமா?

சில உதவும். சில உதவாது.

காய்ச்சல் என்றதும் கம்பளியால் போர்த்துவது பழைய வழக்கம். அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மெல்லிய பருத்தி உடை போதும்.

ஓடிகோலன் நனைத்த கைக்குட்டையை நெற்றியில் போடுவது நம் வீடுகளில் இன்னும் உண்டு. அதில் இருப்பது மதுசாரம். பிள்ளையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடலுக்குள் போகும், வேண்டாம். ஐஸ் தண்ணீரும் வேண்டாம். அதனால் நடுக்கம் ஏற்பட்டு வெப்பம் மேலும் கூடும். துடைப்பது பிள்ளைக்கு இதமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிடலாம்.

கற்பூரம் கலந்த தைலத்தை 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தேய்க்காதீர்கள். பிள்ளை அதை வாயில் வைத்துவிட்டால் வலிப்பே வரலாம்.

கஞ்சி, ரசம், இளஞ்சூடான தண்ணீர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த விஷயத்தில் பாட்டி சொல்வதுதான் சரி.

வலிப்பு வந்தால்?

6 மாதம் முதல் 5 வயதுவரை உள்ள பிள்ளைகளில் 100இல் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருகிறது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுப்பதைப் பார்க்கும் பெற்றோருக்கு உயிரே போய்விடும். ஆனால் பெரும்பாலும் அது சில நிமிடத்தில் நின்றுவிடும். மூளையில் பாதிப்பை விட்டுச்செல்வதில்லை.

அந்த நேரத்தில் செய்யவேண்டியவை:

• பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்
• வாயில் கரண்டியையோ விரலையோ தண்ணீரையோ வைக்காதீர்கள்
• கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது
• கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 995

முதன்முறை வலிப்பு வந்தால், அது நின்றுவிட்டாலும், மருத்துவமனையில் காட்டவேண்டும்.

காய்ச்சல் இறங்கினால் நிம்மதியா?

எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. சிங்கப்பூர்ப் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்த ஊர் இது. டெங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தொடங்குவதில்லை. 3 முதல் 7 நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. "அப்பாடா, காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வெப்பமானியை எடுத்துவைக்கும் அதே நேரம். அப்போது கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை தெரிந்தால் தாமதிக்கவேண்டாம்.

அதேபோல் 5 நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் மறுபடியும் டாக்டரைப் பாருங்கள். கண், உதடு, நாக்கு சிவந்து, தோலில் தடிப்பும் இருந்தால் அது கவசாக்கி நோயாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக்குழாய்களைப் பாதிக்கக்கூடிய நோய் அது. 10 நாளுக்குள் சிகிச்சை தொடங்குவது முக்கியம்.

அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது பயத்தால் மட்டும்தானா?

அறியாமை என்று பெற்றோரைக் குறைசொல்வது எளிது. ஆனால் நாள்காட்டியையும் பார்க்கவேண்டும்.

பாலர் பராமரிப்பு நிலையத்தில் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை, சில நேரம் அதற்கும் மேல், சளி பிடித்து வருவது சாதாரணம். அதில் 6 முறை காய்ச்சலோடு வந்து, ஒவ்வொன்றுக்கும் 3 நாள் வீட்டில் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 நாள். கை, கால், வாய்ப்புண் நோய் என்றால் ஒரே முறையில் ஒரு வாரம்கூட ஆகலாம்.

சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள, 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காகத் தாய்க்கும் தந்தைக்கும் ஆண்டுக்குத் தலா 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. இருவருக்கும் சேர்த்து 12 நாள். மீதி நாளுக்குச் சொந்த விடுப்பு, இல்லையென்றால் தாத்தா பாட்டி.

இரவு 1 மணிக்கு டாக்சி பிடிக்கும் பெற்றோரின் மனத்தில் "பிள்ளைக்கு ஏதாவது ஆகிடுமோ" என்ற பயத்தோடு "நாளைக்குள்ள சரியாகணுமே" என்ற கவலையும் இருக்கிறது. ஆனால் எந்த மருத்துவமனையாலும் 3 நாள் வைரஸ் காய்ச்சலை ஒரே இரவில் விரட்ட முடியாது. அந்த நாள்களைக் கொடுக்கவேண்டியது மருத்துவமனை அல்ல. பாதி வேளையாவது வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கும் மேலதிகாரியும், விடுப்பைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் கணவன் மனைவியும்தான்.

காய்ச்சல் வருவதற்கு முன்பே என்ன செய்யலாம்?

• தடுப்பூசி அட்டவணையைத் தவறவிடாதீர்கள். தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் சட்டப்படி கட்டாயம். நிமோனியா, மூளை உறைத் தொற்று போன்ற கடுமையான நோய்களை உண்டாக்கும் சில கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளும் அட்டவணையில் உள்ளன.
• பிள்ளையின் எடையையும் அதற்கேற்ற மருந்தளவையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.
• காய்ச்சல் வந்தால் அதே தாளில் நேரம், வெப்பநிலை, மருந்து, அளவு ஆகியவற்றை யார் கொடுத்தாலும் எழுதவேண்டும். டாக்டரிடம் காட்டவும் அது உதவும்.
• இரவில் திறந்திருக்கும் அருகிலுள்ள மருந்தகம் எது என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

சரி, நள்ளிரவு 1 மணிக்குத் திரும்புவோம்.

39.4 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்தாயிற்று. ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளை அரைக் குவளைத் தண்ணீர் குடித்து, அப்பாவின் மடியில் பொம்மையைக் கேட்டு அடம்பிடிக்கிறது. மூச்சு சீராக இருக்கிறது. அப்பா சொன்னதுபோல் காலையில் கிளினிக்குக்குப் போகலாம்.

அதே பிள்ளை துவண்டு கிடந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண்ணைத் திறக்கவில்லை என்றால்? அம்மா சொல்வதுதான் சரி. எண் 38.2 ஆக இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

எதுவும் பிடிபடவில்லை, ஆனால் "இவன் எப்பவும் இப்படி இருக்கமாட்டானே" என்று உங்கள் மனத்துக்குப் படுகிறதா? அதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளையின் வழக்கமான நிலை என்ன என்பது வெப்பமானிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.